முப்பதா, முப்பத்தைந்தா?

வாசகரே, சோம்பேறியை உங்களுக்குத் தெரியும். உழைப்பாளியையும் தெரியும். நான் இப்போது உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்போகிறவர் இரண்டு கூட்டத்திலும் சேராதவர். விடிந்ததும் எழுந்து, முழங்கை வரை தோல் கையுறை மாட்டிக்கொண்டு, கார் கொட்டகைக்குள் நுழைந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பலமுறை கூப்பிட்டும் வராமல், பொழுது சாயும் நேரத்தில் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி 'அப்பாடா' என்று நாற்காலியில் வந்து விழுவார்; எடுத்த வேலை மட்டும் எடுத்த இடத்திலேயே கிடக்கும். இவ்வளவு நேரமும் என்னதான் செய்தார் மனிதர்? தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஏற்ற சாமான் எது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே இவருக்குத் தேர்வாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

தேர்வாளர் எல்லா மண்ணிலும் விளைகிறவர்தான். இடத்துக்கு இடம் பொருள் மாறும், அவ்வளவே. விஸ்கான்சின் மாநிலத்தில், வளைகுடாவின் கிழக்குக் கரையில், பெல்ஜியத்திலிருந்து வந்த குடும்பங்கள் சோளமும் மாடுமாக வாழ்கிற எங்கள் பக்கத்தில், அவர் தேர்ந்தெடுப்பது வெல்டிங் கம்பி. எங்கள் பக்கத்தின் தலைசிறந்த தேர்வாளர் கிளெட்டஸ் டெல்வோ. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு, மின்னுகிற வழுக்கை, சிவப்புத் தோள்பட்டி போட்ட கால்சட்டை. ஓய்வு பெற்ற அன்று பிள்ளைகள் சேர்ந்து அவருக்கு ஒரு சின்ன வெல்டிங் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். அது அவர்கள் செய்த தவறு.

இயந்திரம் ரொட்டிப் பெட்டி அளவுதான். வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கிலேயே மாட்டலாம். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால், உள்ளே சுருளாக இருக்கும் கம்பி தானே ஊர்ந்து வந்து, உருகி, இரும்போடு இரும்பை ஒட்டிவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் 'அவ்வளவுதான்' என்று கிளெட்டஸ் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். உங்களை உட்காரச் சொல்லிக் காப்பி ஊற்றுவார். காப்பி வந்துவிட்டால் தொலைந்தீர்கள்.

"இதுல ரெண்டு ஜாதி உண்டு, தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். ஒன்று வெறும் கம்பி. அதற்குப் பக்கத்திலேயே வாயுச் சிலிண்டர் நிற்க வேண்டும், உருகுகிற இடத்தில் காற்றுப் படாமல் அந்த வாயுதான் போர்த்திக் காக்கும், ஒட்டு வழவழவென்று வரும், ஆனால் வெளியே கொண்டுபோனால் வளைகுடாக் காற்று அந்தப் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மற்றது நடுவில் மருந்து அடைத்த கம்பி. சிலிண்டர் வேண்டாம், தன் புகையாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும், காற்றுக்குப் பயப்படாது, ஆனால் தீப்பொறி தெறிக்கும், ஒட்டின்மேல் கசடு படியும், அதைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். ஜாதி முடிந்தால் கனம். அங்குலத்தை ஆயிரமாக வகுத்து அதில் முப்பது பங்கு கனமுள்ள கம்பிக்கு 'முப்பது' என்று பெயர், முப்பத்தைந்து பங்குக்கு 'முப்பத்தைந்து'. மெல்லியது சின்ன இயந்திரத்தில் சுலபமாக உருகும். தடித்தது நிறைய இரும்பை ஊற்றும், ஆனால் வீட்டு மின்சாரம் அதற்கு மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு தலைமுடியின் கனம் இருக்கலாம். தலையில் மருந்துக்கும் இல்லாத அந்த முடிக்காகக் கிளெட்டஸ் ஒரு வசந்தத்தையும் ஒரு கோடையையும் செலவழித்தார்.

தேர்வாளரை அடையாளம் காண்பது எளிது. அவர் எல்லாரிடமும் கருத்துக் கேட்பார், எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, பல் டாக்டரிடம் கேட்பார். சவ அடக்கத்தில், இறந்தவரின் மைத்துனரைக் கட்டித் தழுவி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, அதே தழுவலில் காதோடு காதாக, "நீ டிராக்டர்ல இரும்பு ஒட்டுறப்ப முப்பதா போடுவ, முப்பத்தஞ்சா?" என்று கேட்பார். யாராவது 'முப்பது' என்றால், "ஆனா கனமான இரும்புக்கு?" என்பார். 'முப்பத்தைந்து' என்றால், "ஆனா வீட்டுக் கரண்டுக்கு?" என்பார். கடைசியில் புருவத்தைத் தூக்கி, "அவசரப்படக் கூடாது பாரு" என்று முடிப்பார். அந்த வாக்கியம் இல்லாத தேர்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஈஸ்டர் விருந்து நினைவிருக்கிறது. பன்றித்தொடை மேசைக்கு வந்து ஆறிக்கொண்டிருந்தது. மருமகன்கள் முள்கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். கிளெட்டஸ் உருளைக்கிழங்கு மசியலில் இரண்டு பள்ளம் தோண்டி, ஒன்றை பிளஸ் என்றும் ஒன்றை மைனஸ் என்றும் காட்டி, வெறும் கம்பியிலிருந்து மருந்துக் கம்பிக்கு மாறுகிறவன் இயந்திரப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும் என்றும், மாற்றாதவன் முழு மூடன் என்றும், முழு மூடர்கள் இந்த மாநிலத்தில் எப்படிப் பெருகிவிட்டார்கள் என்றும் விளக்கினார். அவர் மனைவி மார்லீன் கேட்டுக்கொண்டே இரண்டு பள்ளத்திலும் குழம்பை ஊற்றினாள். "சாப்பிடு கிளீட், பன்னி ரெண்டாவது தடவ சாகுது," என்றாள்.

சரி, இத்தனை ஆராய்ச்சியும் எதை ஒட்ட? அங்கேதான் சங்கதி இருக்கிறது. செப்டம்பரில் எங்கள் கோயிலில் கெர்மிஸ், அறுவடைத் திருநாள். அன்றைக்கு பூயா காய்ச்சுவோம். கோழியும் மாட்டு வாலும் முட்டைக்கோசும் உருளையும் பட்டாணியும் போட்டு, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாவில், விறகு நெருப்பில், விடியலுக்கு முன் தொடங்கித் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அண்டா உட்காரும் இரும்பு முக்காலி டெல்வோ குடும்பத்தின் பொறுப்பு. கிளெட்டஸின் தகப்பனார் பார்த்துக்கொண்டார், இப்போது கிளெட்டஸ். போன கெர்மிஸ் முடிந்து முக்காலியைக் கழுவும்போது, ஒரு கால் மேல் வளையத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. "நான் ஒட்டித் தர்றேன்," என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னது கிளெட்டஸ்தான்.

அந்த அண்டாவைக் கிளறுவது யார்? மார்லீன். எந்தக் காலுக்குப் பக்கத்தில் நிற்பாள்? சரியாக அந்தக் காலுக்குப் பக்கத்தில். நெருப்புப் புகை மறுபக்கம் போகும், ஆகவே ஆண்டாண்டாக அவள் நிற்கிற இடம் அது.

இதைக் கிளெட்டஸ் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை மூடினால் அவருக்கு அந்தக் கால் பிடுங்கிக்கொண்டு, அண்டா சாய்ந்து, கொதிக்கிற பூயா முழுவதும் மார்லீனின் காலில் கொட்டுவது தெரியும். எந்தக் கம்பி என்று யோசித்துக்கொண்டிருக்கும்வரை அது நடக்காது. ஒட்டிவிட்டால் நடக்கலாம். மனிதருக்குப் பயம், வாசகரே. பயத்துக்கு ஆராய்ச்சி என்று சட்டை மாட்டிவிட்டால் அது கண்ணியமாக நாலு பேர் நடுவில் உலாவும்.

ஆகஸ்ட் வந்தது. பூயாவுக்குத் தலைவர் ஆர்வில் மசார், கிளெட்டஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். முக்காலி வேண்டும். ஆனால் 'முக்காலி எங்கே?' என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டுவிட மாட்டார்கள். அதைவிட அந்த வீட்டுக் கதவைக் கடப்பாரையால் உடைப்பது மரியாதை. ஆர்வில் வண்டியில் சாய்ந்துகொண்டு மழையைப் பற்றிப் பேசினார், சோளத்தைப் பற்றிப் பேசினார், தன் முழங்கால் மூட்டைப் பற்றிப் பேசினார். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "சரி, அப்ப..." என்று சொல்லி, மேலும் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த முறை வந்து, "விறகெல்லாம் வெட்டி அடுக்கியாச்சு," என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கடுத்த முறை, "துடுப்பக்கூட கழுவிக் காயவச்சாச்சு," என்றார்.

"நல்லதாப் போச்சு," என்றார் கிளெட்டஸ். "ஆர்வில், நீ சொல்லு. முப்பதா, முப்பத்தஞ்சா?"

"நமக்கென்னப்பா தெரியும் அதப்பத்தி," என்றார் ஆர்வில். அந்த ஊரிலேயே அதற்குள் அதைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை.

கெர்மிஸுக்கு முந்தின நாள் ஆர்வில் அண்டாவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கொட்டகை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதன் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது.

கிளெட்டஸுக்கு வேறு வழியில்லை. காற்று அடித்தது, ஆகவே மருந்துக் கம்பி. இயந்திரம் சின்னது, ஆகவே முப்பது. ஒரே நிமிடத்தில் முடிவாகிவிட்டது, அவருக்கே வெட்கமாக இருந்தது. கோடை முழுவதும் வெறும் கம்பியால் துண்டு இரும்புகளில் ஒட்டிப் பழகிய அதே இயந்திரத்தில் புதுச் சுருளை மாட்டி, அதற்கேற்ற உருளையும் கம்பி வெளிவரும் மூக்கும் போட்டு, முகமூடியை இறக்கி, ஒரு பழைய தகட்டில் விசையை அழுத்திப் பார்த்தார்.

தீபாவளிதான். சடசடவென்று நாலு பக்கமும் தீப்பொறி தெறித்தது. தகட்டின் மேல் ஒட்டு என்ற பெயரில் எலிப் புழுக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தன. இன்னொரு முறை, மறுபடியும் அதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிளெட்டஸ் முகமூடியைத் தூக்கி, "முப்பத்தஞ்சு போட்டிருக்கணும்," என்றார்.

ஆர்வில் அண்டாவைப் பார்த்துக்கொண்டு, "ம்ம்," என்றார்.

கிளெட்டஸ் உள்ளே போனார். அடுக்களையில் மார்லீன் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மார்லீன், இந்த வருஷம் நீ கிளற வேணாம். வேற யாராவது கிளறட்டும்."

கத்தி நின்றது. "ஏன்?"

"சும்மாதான். உனக்கும் வயசாகுது."

"கிளீட்."

"அந்தக் கால் நிக்குமான்னு எனக்குத் தெரியல," என்றார் கிளெட்டஸ். சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "உன் காலுல கொட்டிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நெனச்சாலே பயமா இருக்கு."

மார்லீன் கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை மாதம் சோற்றிலும் படுக்கையிலும் கேட்டுத் தொலைத்த முப்பதும் முப்பத்தைந்தும் தன்னுடைய இரண்டு காலைப் பற்றியதா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் பெல்ஜியக்காரி, அழுவதற்கு முன்னால் திட்டுகிற வம்சம்.

"அப்ப என் காலு போகக் கூடாது, வேற யாரோட காலு போனாலும் பரவால்லியா? ஆர்வில் பொண்டாட்டி காலு போகட்டுமா? அவளுக்கு ரெண்டு காலு அதிகமா இருக்கா?"

அந்தக் கோணத்தில் கிளெட்டஸ் ஆராயவே இல்லை.

"பயந்தா பயந்துகிட்டே ஒட்டு. நட," என்று அவரைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். தகட்டில் இருந்த புழுக்கைகளைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைப் பார்த்தாள்.

"ஆமா, அந்த ரெண்டு முனையையும் மாத்துனியா?"

"எந்த ரெண்டு முனை?"

"பிளஸ்ஸும் மைனஸும். ஈஸ்டர் அன்னைக்கு உருளைக்கெழங்குல தோண்டிக் காட்டுனியே. மாத்தாதவன் முழு மூடன்னு சொன்னியே."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த கிளெட்டஸ் டெல்வோ, குனிந்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். இரண்டு முனைகளும் வெறும் கம்பிக்குப் பூட்டியபடியே இருந்தன. ஆர்வில் வெளியே நாற்காலியை மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு மனிதன் அவமானப்படும்போது முதுகைக் காட்டுவது எங்கள் பக்கத்துக் கருணை.

முனைகளை மாற்றினார். தகட்டில் சோதித்தார், சத்தமே வேறு, அடுப்பில் பன்றி இறைச்சி வதங்குகிற சீரான சத்தம். முக்காலியின் விரிசலை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அதன் வாயை அகலமாக்கி, ஒரு பூச்சு, கசடு தட்டி, இன்னொரு பூச்சு, மறுபடி கசடு தட்டி, மூன்றாவது பூச்சு. பயந்துகொண்டேதான் ஒட்டினார். முடிந்ததும் பார்த்தால், அழகு என்று சொல்ல முடியாது. குழந்தை கையால் பிதுக்கிய பற்பசை போல இருந்தது. ஆனால் இரும்பைக் கடித்துப் பிடித்திருந்தது.

ஆர்வில் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"வித்தியாசமாத்தான் இருக்கு," என்றார்.

வாசகரே, எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கிளெட்டஸுக்கு நன்றாகத் தெரியும். மாமியார் செய்த பூசணி அடையைத் தின்று கல்யாணமான நாளிலிருந்து அவரே சொல்லிவந்த சொல் அது. 'வித்தியாசமாக இருக்கிறது' என்றால், இதை நாய்க்குப் போடலாமா என்று யோசிக்கிறேன் என்று பொருள். அவர் கையிலிருந்த சுத்தியல் நழுவித் தரையில் விழுந்தது.

"சரி, ஏறுங்க ரெண்டு பேரும்," என்றாள் மார்லீன்.

"எதுல?"

"அண்டாவுல. நாளைக்குக் கொதிக்கிற பூயா ஏறப்போகுது. இன்னைக்கு நீங்க ஏறுங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்தா அதவிட கனம்தான்."

முக்காலியின் மேல் அண்டா வைக்கப்பட்டது. ஏணி சாய்க்கப்பட்டது. கிளெட்டஸ் முதலில் இறங்கினார், பின்னாலேயே ஆர்வில் முழங்கால் மூட்டைச் சபித்துக்கொண்டு இறங்கினார். தொப்பையோடு தொப்பை முட்ட, மூக்குக்கு மூக்கு நேராக, இரண்டு கிழவர்களும் அண்டாவுக்குள் நின்றார்கள். சாலையில் போன பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, கையை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

"குதிங்க," என்றாள் மார்லீன்.

குதித்தார்கள்.

"இன்னும் நல்லா குதிங்க. கிளீட், என் காலுன்னு நெனச்சுக் குதி."

கிளெட்டஸ் குதித்த குதியில் ஆர்விலின் கண்ணாடி பறந்தது. அண்டா மாதாகோயில் மணியாக அதிர்ந்தது. முக்காலி அசையவில்லை. மார்லீன் குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்தாள், புதிதாகக் கீறல் ஒன்றும் விடவில்லை. ஆர்வில் மூச்சு வாங்கிக்கொண்டே கிளெட்டஸின் தோளைப் பிடித்து, எங்கள் பக்கத்தில் ஆயுளில் ஓரிரு தடவையே கிடைக்கிற அந்தப் பெரிய பாராட்டை அளித்தார்: "இதவிட மோசமாவும் இருந்திருக்கலாம்."

மறுநாள் அண்டா கொதித்தது. மார்லீன் வழக்கமான இடத்தில் நின்று கிளறினாள். இல்லை, வழக்கத்தைவிட ஓர் அடி நெருங்கி நின்றாள். வலது பாதத்தை அந்த ஒட்டுப்போட்ட காலுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள். கிளெட்டஸ் பார்த்தார். அதற்குப் பிறகு காலை முழுவதும் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்ததற்கு விறகுப் புகை காரணம் என்று சொன்னார். புகை மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

கிண்ணமும் கையுமாக வரிசை நீண்டது. ஒவ்வொருவரும் பூயாவை வாங்கிக்கொண்டு, குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்கள். "முப்பதா போட்ட?" என்றார் ஒருவர். "நானா இருந்தா முப்பத்தஞ்சு போட்டிருப்பேன்," என்றார் அடுத்தவர். "வீட்டுக் கரண்டுல முப்பத்தஞ்சு எங்கய்யா உருகும்?" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற பல் டாக்டர். சவ அடக்கத்து மைத்துனர் வாயுச் சிலிண்டரின் கட்சி. சண்டை முற்றியது, பூயா ஆறியது. நேற்றுவரை 'நமக்கென்ன தெரியும்' என்றிருந்த ஆர்வில், கரண்டியை ஆட்டியபடி, "அவசரப்படக் கூடாது பாரு," என்று ஆரம்பித்துவிட்டார்.

கிளெட்டஸ் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? துடுப்பின் நுனியில் ஒரு சின்னப் பிளவு இருப்பதை அவர் பார்த்துவிட்டார். மார்லீனின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்: "மேப்பிளா, ஓக்கா?"

நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பக்கத்துக்கு வந்து சேரும்போது வெல்டிங் கம்பியில் முப்பது என்று ஒன்றும் முப்பத்தைந்து என்று ஒன்றும் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. இந்த ஜென்மத்தில் அது உங்களுக்குத் தேவைப்படப்போவதும் இல்லை. ஆனாலும், அந்த முக்காலியின் காலுக்கு எந்தக் கம்பி சரி என்று இப்போது உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. இல்லையா? அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலவும் இருக்கிறது.

உட்காருங்கள். காப்பி ஊற்றுகிறேன்.